துருப்பிடித்த பொறிக்கும் ஒரு பட்டறை வேண்டும்

எலிக்கூண்டு வாங்கிய முதல் வாரம் எலி விழும். ஆறு மாதம் கழித்து அதே கூண்டில், அதே மூலையில் வைத்த மசால் வடை காலையில் காணாமல் போயிருக்கும். கதவு மட்டும் திறந்தபடியே இருக்கும். எலிக்குப் புத்தி வந்துவிட்டது என்பார் வீட்டுக்காரர். எலிக்குப் புத்தி எப்போதும் உண்டு. மாறியது கூண்டின் கொக்கிதான். இரை தொங்கும் கம்பியும் கதவைப் பிடித்திருக்கும் கம்பியும் உரசுகிற இடத்தில் துரு ஏறிவிட்டால், எலி எவ்வளவு இழுத்தாலும் பிடி விடாது. அந்த நுனியை அரத்தால் நாலு இழுப்பு இழுத்து, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு, தளர்ந்த ஸ்பிரிங்கை ஒரு சுற்று இறுக்கிக் கட்டினால் கூண்டு மறுபடியும் வேலை செய்யும். எண்ணெயிலும் சமையல் எண்ணெய்தான் ஆகும். இஞ்சின் ஆயில் வாடைக்கு எலி கிட்டே வரத் தயங்கும்.

வேலை என்னவோ கால் மணி நேரத்து வேலை. அதற்கு யாரிடம் போவது? குடை பழுதுபார்க்க, பிரஷர் குக்கர் கைப்பிடி மாற்ற, மிக்சி ஜாடிக்குப் பிளேடு போடத் தெருவில் ஆள் வருகிறார். எலிக்கூண்டுக்கு யாரும் வருவதில்லை. கூண்டு பரணுக்குப் போகிறது. கடையிலிருந்து விஷம் வீட்டுக்கு வருகிறது.

வீட்டில் நடப்பதுதான் வயலிலும் நடக்கிறது, மலையிலும் நடக்கிறது. கெட்டுப்போன பொறியைச் சரிசெய்ய வழியில்லாதபோது மனிதர்கள் சும்மா இருப்பதில்லை. அதைவிடக் கொடிய ஒன்றைக் கையில் எடுக்கிறார்கள்: எலிக்கு விஷம், பன்றிக்கு மின்கம்பி, அதற்கும் மேலே போனால் தீனிக்குள் வெடி வைத்த அவுட்டுக்காய். பழைய பொறிகளைச் செப்பனிடுவதும் விசையைச் சரியாகக் கூட்டிக் குறைப்பதும் ஓய்வுபெற்றவர்களின் பொழுதுபோக்கு போலத் தோன்றலாம். உண்மையில் அது பயிர்க்காவலின் ஒரு பகுதி. அதற்கென்று ஒரு துறை இல்லை, ஒரு தொகை இல்லை, ஒரு பட்டறை இல்லை.

கள்ளக்குறிச்சியில் இருந்து இதைப் பேசக் காரணம் உண்டு. கருணாபுரம் என்ற பெயரை 2024 ஜூனுக்கு முன் அந்த ஊர் வட்டாரத்துக்கு வெளியே கேள்விப்பட்டவர்கள் குறைவு. மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற பிறகு அந்தப் பெயர் நாடு முழுக்கத் தெரிந்தது. கூடவே, சாராய ஊறல்களுக்குப் பேர்போன கல்வராயன் மலையின் மீதும் வெளிச்சம் விழுந்தது. சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து அந்த மலை மக்களின் நிலையை விசாரணைக்கு எடுத்தது. சாலை, மருத்துவம், பள்ளி என்று பேச்சு நடந்தது, நடக்க வேண்டியதுதான். 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் கிடந்து, அதன் பிறகே அரசின் நேரடி நிர்வாகத்துக்குள் வந்த மலை அது. ஆனால் வெள்ளிமலைப் பக்கம் சாமையும் ராகியும் மரவள்ளியும் போடுகிற ஒரு மலையாளிப் பழங்குடிக் குடும்பம், சாராயம் காய்ச்சாமல் நிலத்தை நம்பியே பிழைக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறவர்கள், அந்த நிலத்தில் ராத்திரி என்ன நடக்கிறது என்பதையும் கேட்க வேண்டாமா? மரவள்ளிக் கிழங்கு காட்டுப்பன்றிக்கு மிகப் பிடித்த தீனி. ஒரு கூட்டம் இறங்கினால் ஒரே இரவில் கொல்லை உழுதுபோட்டது போலாகிவிடும்.

இது புதிய சிக்கல் என்று யாரும் நினைக்க வேண்டாம். நற்றிணையின் 119ஆம் பாடலில் தினைப்புனத்துக்காரன் ஒருவன், பயிர் தின்ன வரும் பன்றியைப் பிடிக்கக் கல்பொறி வைக்கிறான். பெரிய பலகைக்கல்லைச் சாய்த்து நிறுத்தி, அதைச் சிறு விசை ஒன்று தாங்கும்படி அமைப்பது அந்தப் பொறி. அடார் என்று அதற்குப் பெயர். பன்றி தப்பிவிடுகிறது, பொறியில் மாட்டுவது புலி. பெருங்குன்றூர் கிழார் இதைச் சொன்னது காதல் கவிதையின் பின்னணியாகத்தான். என்றாலும் பொறியைப் பற்றி இன்றுவரை நடக்கும் விவாதத்தின் சாரம் முழுவதும் அதிலேயே இருக்கிறது. வைத்தவன் நினைத்தது ஒன்று, விழுந்தது வேறொன்று. இந்த இடைவெளியைக் குறைப்பதுதான் விசையைச் சரிசெய்வது என்னும் கலை.

அந்த இடைவெளி எவ்வளவு கொடுமையாக விரியும் என்பதற்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே பன்றிக்காகப் போட்ட சட்டவிரோத மின்வேலியில் மூன்று யானைகள் இறந்தன. இரண்டு குட்டிகள் தாயை இழந்து நின்றன. 2020 மே மாதம் பாலக்காட்டுப் பக்கம் வெடி வைத்த தீனியைக் கடித்து, வாய் சிதைந்து, ஆற்றுக்குள் நின்றபடியே ஒரு கர்ப்பிணி யானை செத்ததை உலகமே பார்த்தது. அந்த வெடியும் பன்றிக்கு வைத்ததுதான். அதே மே மாதத்தில் இலங்கை மலையகத்தில் நல்லதண்ணியில், தேயிலைத் தோட்டத்துக் கம்பிச் சுருக்கில் ஓர் அரிய கருஞ்சிறுத்தை கழுத்து மாட்டிக் கிடந்தது. மீட்டுச் சிகிச்சைக்காக உடவலவைக்குக் கொண்டு போனார்கள். மூன்று நாளில் இறந்தது. இரண்டு சக்கர வண்டியின் கிளட்ச் கம்பி ஒன்று போதும், இப்படி ஒரு சுருக்கு செய்ய. விசை இல்லை, கதவு இல்லை, எடை பார்க்கும் மிதிதட்டு இல்லை. யார் கழுத்து என்று அதற்குத் தெரியாது.

பொறிகளை ஒரே கூடையில் போட்டுப் பேசக் கூடாது என்று சொல்வது இதனால்தான். செப்பனிடத் தகுந்தவை சில. கண்ட இடத்தில் உடைத்துப் போட வேண்டியவை சில. கம்பிச் சுருக்கும் பல் வைத்த இரும்புத் தாடைப் பொறியும் இரண்டாவது வகை. 2023இல் நீலகிரி, சத்தியமங்கலம் பக்கம் பிடிபட்ட வடநாட்டுப் பவாரியா வேட்டைக் கும்பல்கள் புலிக்குப் பயன்படுத்துவது இந்த இரும்புத் தாடைகளைத்தான். அதற்கு எண்ணெய் போட்டுத் தருகிற கொல்லரும் குற்றத்துக்கு உடந்தையே. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், கண்ணி வைப்பதையும் பொறி வைப்பதையும் வேட்டை என்றே கொள்கிறது; சுருக்கும் பொறியும் அந்தச் சட்டத்தின் கண்ணில் துப்பாக்கியைப் போலவே ஆயுதம். இங்கிலாந்தில் முயல் பிடிக்கப் பல தலைமுறையாக வைத்த தாடைப் பொறியைச் சட்டம் போட்டு 1958 முதல் நிறுத்தினார்கள். பழமை என்பதற்காக எதற்கும் பட்டயம் கொடுக்க முடியாது.

ஆனால் முதல் வகை இருக்கிறதே, அதைப் பற்றிப் பேசத்தான் ஆளில்லை.

அந்த வகையில் தமிழ்நாட்டின் பெருமை என்றே சொல்லத்தக்கது தஞ்சாவூர்க் கிட்டி. மூங்கில் சிம்பை வில்லாக வளைத்து, அந்த இழுவிசையில் எலியின் கழுத்தை அழுத்திப் பிடிக்கும் சின்னக் கருவி. பொழுது சாயும்போது வரப்போரம் வைத்துவிட்டு, விடியும்போது போய் எடுத்து வருவார்கள். விஷம் இல்லை, வயலில் இறங்குகிற ஆந்தைக்கும் பாம்புக்கும் தெருநாய்க்கும் அதனால் கேடில்லை. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகமே நெல் வயலுக்கு ஹெக்டேருக்கு 100 கிட்டி என்று பரிந்துரைக்கிறது. பரிந்துரையைப் படித்துவிட்டு ஒரு கள்ளக்குறிச்சி விவசாயி நூறு கிட்டிக்கு எங்கே போவார் என்பதை மட்டும் அந்தக் கையேடு சொல்லாது.

கிட்டியைச் செய்யத் தெரிந்தவருக்கு மூங்கிலின் குணம் தெரிந்திருக்க வேண்டும். பச்சை மூங்கிலில் செய்தால் முதல் நாள் துள்ளும். நாலாம் நாள் வளைந்த வாக்கிலேயே நின்றுவிடும். முற்றிய மூங்கிலை நன்றாகக் காயவைத்துச் சிம்பு எடுத்தால் விசை நிற்கும். மழை பிடித்தால் சணல் கயிறு இறுகும், வெயில் காய்ந்தால் தளரும். நைலான் நரம்பு போட்டால் இந்தத் தொல்லை குறையும், ஆனால் முடிச்சு வழுக்கும். எல்லாவற்றுக்கும் மேலே, இரைக்குச்சி தாங்கும் வெட்டு. ஆழமாக வெட்டினால் எலி தின்றுவிட்டுப் போகும். மேலோட்டமாக வெட்டினால் காற்றடித்தாலே விடுபட்டுவிடும். ஒவ்வொரு பருவத்துக்கும் முன்னால் அத்தனை கிட்டியையும் எடுத்து, சிம்பை வளைத்துப் பார்த்து, செத்ததைக் கழித்து, கயிறு மாற்றி, வெட்டைச் சீவுவது ஒரு தனி உழைப்பு. டெல்டாவில் கிட்டிக்காரருக்குப் பிடித்த எலிக்குக் கணக்குப் பார்த்துக் கூலி கொடுக்கிறார்கள். இந்தச் சீர்செய்யும் உழைப்புக்குக் கூலி யாரும் தருவதில்லை.

எலிக்குத் தலைக்கணக்கு வைத்துக் கூலி கொடுப்பதில் வேறொரு ஆபத்தும் உண்டு. 1902இல் ஹனோயில் பிரெஞ்சு ஆட்சியாளர்கள் எலி வாலுக்குப் பணம் அறிவித்தார்கள். கொஞ்ச நாளில் ஊரெல்லாம் வாலில்லா எலிகள் ஓடின. வாலை மட்டும் வெட்டிக்கொண்டு, குட்டி போடட்டும் என்று எலியை விட்டுவிட்டார்கள். சிலர் எலி வளர்க்கவே தொடங்கினார்கள். நம்மூர்க் கிட்டிக்காரர்கள் அப்படிச் செய்தார்கள் என்று சொல்ல வரவில்லை. செத்த எலியை எண்ணுவதைவிட வேலை செய்கிற கிட்டியை எண்ணிக் கூலி கொடுப்பது புத்திசாலித்தனம் என்பதே விஷயம். நூறு கிட்டியும் ஒழுங்காக அடிக்கிறதா, மாதத்துக்கு இவ்வளவு. அவ்வளவுதான் கணக்கு.

விஷம் மலிவு, வேலை குறைவு என்பார்கள். முதல் தடவைக்கு அது சரி. சிங்க் பாஸ்பைடைக் கொஞ்சம் தின்று பிழைத்த எலி, அந்த இரையை மறுபடி தொடாது. அதனால்தான் விஷம் கலக்காத இரையைச் சில நாள் வைத்துப் பழக்கிவிட்டு, பிறகு மருந்து கலந்து வைக்கச் சொல்கிறார்கள் வேளாண் அதிகாரிகள். அந்தப் பொறுமை உள்ளவருக்குக் கிட்டி வைக்கவும் பொறுமை இருக்கும். வீட்டுக்குள் விஷம் வந்தால் கதை வேறு. 2024 நவம்பரில் சென்னைக்கு அருகே குன்றத்தூரில், எலிக்கு மருந்து வைத்த வீட்டில் படுத்து உறங்கிய குடும்பத்தில் இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப் பசையை அதற்கு முன்பே மாநில அரசு தடை செய்ய வேண்டியிருந்தது. விஷத்துக்கு மாற்றாகக் கடையில் கிடைப்பது ஒட்டுப் பலகை. எலி உயிரோடு தோல் உரிய ஒட்டிக்கொண்டு, பசியிலும் பயத்திலும் சாகும். அதற்கு எதிராக இந்திய விலங்கு நல வாரியம் எழுதியிருக்கிறது. பல மாநிலங்கள் தடுக்க உத்தரவிட்டிருக்கின்றன. இங்கிலாந்தில் 2024 ஜூலை 31 முதல் பொதுமக்கள் அதை வைப்பதே குற்றம். நம் கடைவீதிகளில் ஊதுபத்திக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

பழைய கருவியை அறிவோடு திருத்தினால் என்ன கிடைக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. அது இருளர்களின் புகைப்பானை. வடமாவட்டங்களின் இருளர் குடும்பங்கள் வயல் எலியைப் பிடிக்கும் முறை இது: அடியில் துளையிட்ட மண்பானைக்குள் வைக்கோலைத் திணித்து நெருப்பு வைத்து, பானை வாயை எலி வளையில் கவிழ்த்து, அந்தத் துளை வழியே வாயால் ஊதுவார்கள். புகை வளைக்குள் போகும், எலி மயங்கும், பிறகு தோண்டி எடுப்பார்கள். வளைக்குள் எலி சேர்த்து வைத்திருக்கும் நெல்லும் கிடைக்கும். பஞ்ச காலத்தில் அதுவே சோறு. ஆனால் ஊதுகிறவரின் கையும் உதடும் வெந்துபோகும், நெஞ்சுக்குள் புகை இறங்கும். திருவள்ளூர் வட்டாரத்தில் இருளர்களோடு வேலை செய்த ஒரு தொண்டு நிறுவனம் இதற்கு ஒரு மாற்றைக் கொண்டு வந்தது. மண்பானைக்குப் பதில் இரும்புக் கலம். வாய்க்குப் பதில் கையால் சுற்றுகிற காற்றாடி. அவ்வளவுதான் மாற்றம். 2003இல் உலக வங்கி நடத்திய வளர்ச்சித் திட்டப் போட்டியில் அதற்குச் சுமார் ஒரு லட்சம் டாலர் பரிசு கிடைத்தது. இருளர் பெண்களே பட்டறையில் அதைச் செய்தார்கள்.

இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது காற்றாடியை அல்ல. எந்த வளை உயிருள்ள வளை, எத்தனை வாசல், எந்த வாசலை அடைத்து எதில் புகை போட வேண்டும் என்பது அந்த மனிதருக்குத் தெரியும். புதுக் கருவி அந்த அறிவைத் தூக்கி எறியவில்லை. கையைச் சுட்டுக்கொண்ட இடத்தை மட்டும் மாற்றியது. அரசுத் திட்டங்கள் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக நடக்கும்: தெரிந்தவரை விலக்கிவிட்டுத் தெரியாதவருக்கு இயந்திரம் கொடுப்பார்கள்.

இருளர்களிடம் இன்னொரு முன்மாதிரியும் இருக்கிறது. பாம்புத்தோல் வணிகத்தைச் சட்டம் மூடியதும், பாம்பு பிடிப்பதையே தொழிலாகக் கொண்டிருந்த குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. 1978இல் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. பிடிப்பார்கள், விஷம் எடுப்பார்கள், திரும்பக் காட்டில் விடுவார்கள். நாட்டின் பாம்புக்கடி மருந்துக்கு அந்த விஷம்தான் பெரும் ஆதாரம். நேற்று வரை வேட்டைக்காரன் என்று பெயர் வாங்கிய கை, சட்டத்துக்குள் மரியாதையாகச் சம்பாதித்தது. அந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அதற்கு முன்பே, 2017இல், மலைப்பாம்பு பெருகிவிட்ட அமெரிக்காவின் புளோரிடா அவர்களைக் கூப்பிட்டுப் பிடிக்கச் சொன்னது.

கல்வராயனில் இப்படி ஒன்று ஏன் கூடாது?

வாய்ப்பு வெறும் கற்பனை அல்ல. அரசாணையிலேயே இருக்கிறது. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு காட்டுப்பன்றிக்கு ஒரு கொள்கை வகுத்தது. காப்புக்காட்டு எல்லையில் இருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைத் தொடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். 3 கிலோமீட்டருக்கு அப்பால் பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம். கிராம நிர்வாக அலுவலரும் வனத்துறையினரும் ஊராட்சித் தலைவரும் சேர்ந்த குழு முடிவு செய்யும். காகிதத்தில் ஒழுங்கான திட்டம். செய்திகள் எல்லாம் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டன. நடுவில் இருக்கிற இரண்டு கிலோமீட்டரை யாரும் பார்க்கவில்லை. அந்த இரண்டு கிலோமீட்டரில் பன்றியை எதை வைத்துப் பிடிப்பது? கூண்டு வைத்துத்தான்.

பன்றிக்கூண்டு என்பது பெரிய எலிக்கூண்டு அல்ல. வளர்ந்த காட்டுப்பன்றி கூண்டுக்குள் சிக்கியதும் முதலில் செய்வது முட்டுவது. கம்பி இடைவெளி அகலமாக இருந்தால் மூக்கையும் தந்தத்தையும் விட்டு உடைத்துக்கொள்ளும். வெல்டிங் விட்ட ஒரு மூட்டு போதும், கூண்டையே பிரித்துவிடும். மேலே இருந்து விழுகிற கதவு ஓடும் தண்டவாளம் வளைந்திருந்தால் கதவு பாதியில் நிற்கும், பன்றி திரும்பி ஓடும், இனி அந்தப் பக்கமே வராது. மிதிதட்டின் எடை குறைவாக வைத்தால் நாயும் முள்ளம்பன்றியும் கீரியும் மாட்டும். அதிகமாக வைத்தால் குட்டிகள் தின்றுவிட்டுப் போகும், தாய் வெளியிலேயே நின்று பார்த்துக் கற்றுக்கொள்ளும். கதவை உடனே விழவிடாமல் சில நாள் திறந்தே வைத்து, கூட்டமாக உள்ளே வந்து தின்னப் பழகிய பிறகு விசையைப் பூட்டுகிறவர்தான் விவரமானவர். பிறகு விடிவதற்குள் போய்ப் பார்க்க வேண்டும்; வெயில் ஏறினால் கூண்டுக்குள் விலங்கு தவிக்கும். இது ஒரு தொழில். வருஷத்துக்கு ஒரு முறை டெண்டர் விட்டுக் கூண்டு வாங்கி, அலுவலக வளாகத்தில் மழையில் போட்டு வைப்பதால் வருவதில்லை.

கூண்டு வைத்தால் எல்லாம் சிக்கிவிடும் என்றும் நம்ப வேண்டாம். 2024 ஏப்ரலில் மயிலாடுதுறை ஊருக்குள் சிறுத்தை வந்தபோது கூண்டு மேல் கூண்டாக வைத்தார்கள். சிறுத்தை ஒன்றிலும் ஏறவில்லை. 2021இல் கூடலூர்ப் பக்கம் டி23 என்ற புலிக்கும் கூண்டு வைத்தார்கள். கடைசியில் மூன்று வாரத் தேடலுக்குப் பிறகு மயக்க ஊசிதான் போட வேண்டியிருந்தது. கூண்டு ஒன்று இருப்பது வேறு, அதை எங்கே, எந்தக் காற்று வாக்கில், எந்தத் தடத்தின் மேல் வைப்பது என்று தெரிந்த கண் இருப்பது வேறு. அந்தக் கண் மலை மக்களிடம் இருக்கிறது. பன்றி எந்த ஓடையில் இறங்கும், எந்தப் புதருக்குள் பகலில் படுக்கும் என்பது காட்டு ஓரத்தில் பரண் போட்டு ராத்திரிக் காவல் இருந்தவருக்குத் தெரியும். இன்றைக்கு அந்த அறிவைச் சொன்னாலே வேட்டைக்காரன் என்ற சந்தேகம் விழுகிறது. ஊறல் தேடி வருகிற போலீஸ், கண்ணி தேடி வருகிற வனத்துறை என்று இரண்டு பக்கமும் சந்தேகத்தையே சந்திக்கிறவர்கள் வாயைத் திறப்பார்களா?

கொள்கையில் பெரிய ஓட்டை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். காப்புக்காட்டை ஒட்டியே குடியிருக்கிற மலைக் கிராமங்களின் கொல்லைகளில் பெரும்பகுதி அந்த முதல் கிலோமீட்டருக்குள்ளேயே அடங்கிவிடும். அங்கே பிடிக்கவும் கூடாது, சுடவும் கூடாது. பன்றியை மிகுதியாகப் பார்க்கிறவருக்கே உதவி இல்லை. அந்தப் பகுதியில் பொறி வேண்டாம் என்பது நியாயம்தான். காட்டு விளிம்பில் வைத்த பொறியில் எது வேண்டுமானாலும் விழும், நற்றிணைக் காலத்திலேயே விழுந்திருக்கிறது. அப்படியானால் அங்கே வேலியும் இழப்பீடும் விரைந்து வர வேண்டும். 2023இல் வந்த மின்வேலி விதிகள் முறையான சூரியசக்தி வேலியைப் பதிவு செய்து அமைக்க வழி தருகின்றன. அந்த வேலிக்கும் பராமரிப்புதான் உயிர். கம்பி மேல் கொடி படர்ந்தாலோ பேட்டரி செத்தாலோ அது வெறும் துணிக்கொடி. கூண்டைச் சரிசெய்யக் கற்ற அதே கை இந்த வேலியையும் பார்த்துக்கொள்ளும்.

செய்ய வேண்டியது என்ன என்றால், பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். கச்சிராயபாளையத்திலோ வெள்ளிமலையிலோ ஒரு பட்டறை. அரம், வெல்டிங் இயந்திரம், மூங்கில், கம்பி, தராசு. மிதிதட்டின் எடையைத் தராசு வைத்துத்தான் பார்க்க வேண்டும், கண் மதிப்பில் அல்ல. டிராக்டரையும் அறுவடை இயந்திரத்தையும் வாடகைக்கு விடுகிற வேளாண் பொறியியல் துறை, கிட்டியையும் எலிக்கூண்டையும் வாடகைப் பட்டியலில் சேர்க்கலாம். திரும்பி வருகிற ஒவ்வொன்றும் பட்டறைக்குப் போய்ச் சீராகி அடுத்த விவசாயிக்குப் போகும். பன்றிக்கூண்டு மட்டும் வனத்துறையின் பூட்டுக்குள், எண் பொறித்து, பதிவேட்டோடு இருக்க வேண்டும். எந்தக் கூண்டு எந்தக் கிராமத்தில் எந்த நாள் இருந்தது, எது விழுந்தது, எங்கே விட்டார்கள் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். பட்டறையில் வேலை செய்கிறவர்கள் மலை இளைஞர்களும், அந்தப் பக்கத்து இருளர்களும், தொழில் குறைந்து வெல்டிங்குக்கு மாறிய கொல்லர்களும். காட்டில் கிடக்கிற கம்பிச் சுருக்கைத் தேடி எடுத்து வந்து ஒப்படைக்கிறவருக்கு அதே பட்டறையில் நாள்கூலி. எத்தனை சுருக்கு என்று கணக்குப் பார்த்தால் ஹனோய்க் கதைதான் நடக்கும்.

ஒரு மறுப்பு வரும்: பொறி செய்யக் கற்றுக்கொடுத்தால் கள்ள வேட்டைக்கு ஆள் தயார் செய்வதாகாதா? சுருக்குக் கம்பி கட்ட யாரும் பட்டறையில் படிப்பதில்லை. கிளட்ச் கம்பியும் ஒரு மரமும் போதும். கெட்ட பொறி செய்வது சுலபம் என்பதால்தான் அது பெருகுகிறது. நல்ல பொறிக்குத்தான் பயிற்சி வேண்டும், அளவு வேண்டும், கண்காணிப்பு வேண்டும். ஐரோப்பிய ஒன்றியமும் கனடாவும் ரஷ்யாவும் 1990களின் இறுதியில், எந்தப் பொறி விலங்கை எவ்வளவு வதைக்கலாம் என்பதற்கு அளவுகோல் வைத்து உடன்பாடு செய்துகொண்டன. அந்த அளவை எட்டாத பொறிக்கு இடமில்லை. அந்த உடன்பாடு தோலுக்காக விலங்கைக் கொல்கிற நாடுகளின் வணிகக் கவலையில் பிறந்தது என்பது வேறு விஷயம். பயிரைக் காக்க மட்டுமே பொறி வைக்கிற நமக்கு அப்படி ஓர் அளவுகோல் இன்னும் கைக்கு வரவில்லை. கொல்லாமல் பிடிக்கிற கூண்டில் எலி எத்தனை மணி நேரம் கிடக்கலாம், பிடித்ததை என்ன செய்யலாம் என்று கூட ஒரு வரி எழுதி ஒட்டுவதில்லை. தண்ணீர் வாளியில் கூண்டோடு முக்குவதே இன்றும் வழக்கம். எலிக்காய்ச்சல் பரப்புகிற பிராணியைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்வது கூடக் கடைக்காரர் வேலை என்று விட்டிருக்கிறோம்.

மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களில் மாதந்தோறும் விவசாயிகள் குறைதீர்ப்புக் கூட்டம் நடக்கிறது. பன்றி பற்றிய புகார் வராத கூட்டமே இருக்காது. பதிலும் வழக்கமான பதில்தான். அடுத்த கூட்டத்துக்குப் போகிற கள்ளக்குறிச்சி விவசாயிகள் ஒரு கேள்வியை எழுதிக் கொடுக்கலாம். 1 முதல் 3 கிலோமீட்டர் வரையிலான அந்த நடுப் பகுதியில் பன்றி பிடிக்க மாவட்டத்தில் எத்தனை கூண்டு இருக்கிறது, அவற்றில் இன்றைக்குக் கதவு விழுகிற கூண்டு எத்தனை, கடைசியாக எண்ணெய் போட்ட தேதி எது? இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்.